நீங்கள் நிற்கும் இடத்தில் ஜி எவ்வளவு? கணக்கிட்டுப் பார்க்கும் வழி

எலக்ட்ரானிக் எடைக்கருவிகளுக்குக் காலிபரேஷன் செய்வது என் தொழில். 50 டிகிரி அட்சரேகையில் சரிபார்த்த ஒரு கருவியை 10 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதன் மேல் 20 கிலோ எடைக்கல்லை வைத்தால் 19.941 என்று காட்டும். 59 கிராம் குறைகிறது. எடைக்கல்லில் தேய்மானம் இல்லை, எடையை உணரும் பாகமான லோடு செல்லிலும் கோளாறு இல்லை. கருவி இப்போது நிற்கும் இடத்தில் பூமியின் இழுப்பே அந்த அளவுக்குக் குறைவு.

பள்ளியில் ஜி (ஈர்ப்பு முடுக்கம்) என்றால் 9.8 என்று படித்தோம். கடல் மட்டத்தில் பூமத்திய ரேகையில் அது 9.780 மீ/வி², துருவத்தில் 9.832 மீ/வி². வித்தியாசம் 0.052, அதாவது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள்: பூமி சுழல்கிறது, பூமத்திய ரேகையில் புடைத்திருக்கிறது. இரண்டுமே உண்மைதான். ஆனால் அவற்றை வழக்கமாகச் சொல்லும் விதத்திலேயே எண்களாக்கிக் கூட்டிப் பாருங்கள், 0.052 வராது. 0.100 வரும். கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த அதிகப்படி எங்கே போகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். எனவே சூத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பங்கையும் நீங்களே கணக்குப் போடும்படி சொல்கிறேன். சைன், காஸ் இருக்கும் ஒரு கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும். கடைசியில் நூலும் குண்டும் வேண்டும்.

தொடங்கும் முன் கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. வேறு ஏதாவது வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எது மாறுகிறது, எது மாறவில்லை

பொருளின் நிறை மாறுவதில்லை. 20 கிலோ எங்கே போனாலும் 20 கிலோதான். மாறுவது பூமி அதை இழுக்கும் விசை. இரண்டு தட்டுள்ள தராசில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே பொருளும் எடைக்கல்லும் ஒரே அளவில் பலம் இழக்கின்றன. லோடு செல்லும் சுருள்வில் தராசும் அப்படியல்ல. ஓர் உலோகம் எவ்வளவு வளைகிறது அல்லது நீள்கிறது என்பதைப் பார்த்து அவை விசையை அளக்கின்றன. அதை ஒரு நிலையான எண்ணால் வகுத்துக் கிலோவாகக் காட்டுகின்றன. அந்த நிலையான எண்ணுக்குள் காலிபரேஷன் நடந்த இடத்தின் ஜி ஒளிந்திருக்கிறது.

சுழற்சியின் பங்கு

இது எளிது. பூமி ஒருமுறை தன்னைச் சுற்ற 86,164 விநாடி ஆகிறது. 86,400 அல்ல, அது சூரியனை வைத்துக் கணக்கிடும் நாள். பூமி சூரியனையும் சுற்றி வருவதால் நாலு நிமிடம் கூடுகிறது. நமக்கு வேண்டியது விண்மீன்களை வைத்துப் பார்க்கும் சுழற்சி.

2 × 3.14159 ஐ 86,164 ஆல் வகுத்தால் கோண வேகம் விநாடிக்கு 0.00007292 ரேடியன். அதை இருமடி எடுத்து (அதனாலேயே அதைப் பெருக்கி), பூமத்திய ரேகையின் ஆரமான 63,78,137 மீட்டரால் பெருக்குங்கள். 0.0339 வரும். பூமத்திய ரேகையில் நிற்பவருக்குச் சுழற்சி குறைக்கும் அளவு இது. ஈர்ப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 289இல் ஒரு பங்கு. 289 என்பது 17இன் இருமடி. எனவே பூமி இப்போது சுழல்வதைப்போல் 17 மடங்கு வேகமாகச் சுழன்றால் பூமத்திய ரேகையில் எதற்கும் எடையே இருக்காது.

மற்ற அட்சரேகைகளுக்கு 0.0339ஐக் காஸ் அட்சரேகையால் இரண்டு முறை பெருக்க வேண்டும். ஏன் இரண்டு முறை என்பதில் பலர் தடுமாறுவார்கள். முதல் காஸ், நீங்கள் சுற்றும் வட்டம் சிறுத்துப்போவதற்காக. 60 டிகிரியில் நிற்பவர் சுற்றும் வட்டத்தின் ஆரம் பூமத்திய ரேகையில் இருப்பதில் பாதிதான். இரண்டாவது காஸ், திசைக்காக. மையவிலக்கு பூமியின் அச்சிலிருந்து வெளியே தள்ளுகிறது, உங்கள் தலைக்கு நேர் மேலே அல்ல. அதில் செங்குத்தாக மேல்நோக்கிய பகுதி மட்டுமே எடையைக் குறைக்கும். ஆக 45 டிகிரியில் 0.0170, 60 டிகிரியில் 0.0085, துருவத்தில் சுழி.

மீதிப் பகுதி வீணாவதில்லை. அது பூமத்திய ரேகைப் பக்கமாக இழுக்கிறது. அதனால் தூக்குக்குண்டு பூமியின் மையத்தை நோக்கித் தொங்குவதில்லை. சுழற்சியும் புடைப்பும் சேர்ந்து 45 டிகிரியில் அதை மையத் திசையிலிருந்து 0.19 டிகிரி விலக்குகின்றன. கடல் நீரின் மட்டம் எங்கேயும் இந்தத் தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாகவே படிகிறது. அதனால்தான் துருவக் கடலைவிட மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தும் பூமத்திய ரேகைக் கடல் துருவத்தை நோக்கி வழிந்து ஓடுவதில்லை. வரைபடத்திலும் ஜிபிஎஸ்ஸிலும் காணும் அட்சரேகை இந்தப் புடைத்த பரப்புக்குச் செங்குத்தான கோட்டை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. எனவே அந்த எண்ணை அப்படியே போடலாம், திருத்தம் எதுவும் வேண்டாம்.

வடிவத்தின் பங்கு: கணக்கு பிசகும் இடம்

பூமத்திய ரேகையில் ஆரம் 6378.137 கி.மீ. துருவத்தில் 6356.752 கி.மீ. துருவத்தில் நிற்பவர் மையத்துக்கு 21.4 கி.மீ. அருகில் இருக்கிறார், ஆகவே இழுப்பு அதிகம் என்பார்கள். பூமியின் மொத்த நிறையும் மையத்தில் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, தூரத்தின் இருமடியால் வகுத்தால் பூமத்திய ரேகைக்கு 9.7983, துருவத்துக்கு 9.8643. வித்தியாசம் 0.0660. சுழற்சியின் 0.0339ஐச் சேர்த்தால் 0.0999. அளந்து பார்த்தால் 0.0519தான் வருகிறது.

பிழை எங்கே? நிறை முழுவதும் மையத்தில் இல்லை. புடைப்பு என்பது வெறும் உருவமல்ல, அதுவே பாறை. அதற்கும் நிறை உண்டு, அதுவும் இழுக்கும்.

பூமியை ஓர் உருண்டையாகவும், அதன் இடுப்பைச் சுற்றிக் கட்டிய ஒரு பாறைப் பட்டையாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகையில் நிற்பவர் அந்தப் பட்டையின் மேலேயே நிற்கிறார். அதன் ஒரு பகுதி அவர் காலடியில் இருக்கிறது. அந்த நிறை மையத்தில் இருந்திருந்தால் எவ்வளவு இழுக்குமோ, அதைவிட அதிகமாகவே அவரை இழுக்கிறது. துருவத்தில் நிற்பவருக்கு நிலைமை தலைகீழ். அவரிடமிருந்து பட்டை இருக்கும் தூரம் ஆரத்தைப்போல் 1.414 மடங்கு, எனவே இழுப்பு பாதியாகிறது. அந்தப் பாதியும் 45 டிகிரி சாய்வில் வருகிறது. சாய்வைக் கழித்துக் கீழ்நோக்கிய பகுதியை மட்டும் எடுத்தால் 0.5 × 0.707, அதாவது 0.354. அதே நிறை மையத்தில் இருந்திருந்தால் இழுத்திருப்பதில் 35 சதவீதம்தான் அவருக்குக் கிடைக்கிறது.

ஆக, புடைப்பால் பூமத்திய ரேகைக்காரர் மையத்திலிருந்து விலகி எடை இழக்கிறார், அதே புடைப்பின் நிறையால் கொஞ்சம் திரும்பப் பெறுகிறார். துருவத்தில் இருப்பவர் மையத்தை நெருங்கி லாபம் பெறுகிறார், பட்டை பக்கவாட்டில் இருப்பதால் அந்த லாபத்தில் ஒரு பகுதியை இழக்கிறார்.

இதை எண்ணாக்க ஓர் அளவு வேண்டும்: பூமியின் நிறை எவ்வளவு தூரம் இடுப்புப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லும் எண். செயற்கைக்கோள்களின் பாதை மெல்லத் திரும்புவதை வைத்து அதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். மதிப்பு 0.0010826. பூமத்திய ரேகையில் இழுப்பு இதன் ஒன்றரை மடங்கு பின்னத்தால் கூடும், துருவத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு பின்னத்தால் குறையும். போட்டுப் பாருங்கள்:

பூமத்திய ரேகை: 9.7983 × 1.001624 = 9.8142. சுழற்சிக்கு 0.0339 கழித்தால் 9.7803.

துருவம்: 9.8643 × (1 − 0.00327) = 9.8320. இங்கே சுழற்சிக்குக் கழிக்க ஒன்றுமில்லை.

நான்காவது தசமத்தில் மட்டும் சிறு பிசிறு இருக்கும். புடைப்பின் நுண் திருத்தங்களை விட்டதால் வருவது அது. அளந்த மதிப்புகள் 9.7803, 9.8322.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். தூரத்தால் 0.066. புடைப்பின் நிறையால் பூமத்திய ரேகையில் 0.016 கூடி, துருவத்தில் 0.032 குறைந்து, மொத்தம் 0.048 திரும்பப் போகிறது. மிச்சம் 0.018. அதோடு சுழற்சியின் 0.034. சேர்ந்தால் 0.052. அதாவது நாம் காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுழற்சியால் நேரடியாக வருகிறது, ஒரு பங்குதான் வடிவத்தால். அந்த வடிவமும் சுழற்சி கொடுத்ததே.

கிளேரோவின் குறுக்குவழி

மேலே போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் அருமையான சோதனை இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் அலெக்சி கிளேரோ 1743இல் வெளியிட்டது. இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மூன்று பின்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பூமத்திய ரேகையில் மையவிலக்குக்கும் ஜிக்கும் உள்ள விகிதம்: 0.03392 / 9.780 = 0.003468. இரண்டு, துருவ ஜி பூமத்திய ரேகை ஜியைவிட எத்தனை பங்கு அதிகம்: 0.0053. மூன்று, பூமி எத்தனை பங்கு தட்டை, அதாவது இரண்டு ஆரங்களின் வித்தியாசத்தைப் பெரிய ஆரத்தால் வகுத்தது. கிளேரோ சொன்னது: இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால், முதலாவதைப்போல் இரண்டரை மடங்கு வரும்.

0.003468 × 2.5 = 0.00867. அதில் 0.0053 போனால் 0.00337. அது 297இல் ஒரு பங்கு. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட தட்டை அளவு 298.257இல் ஒரு பங்கு. வெவ்வேறு அட்சரேகைகளில் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து ஊசலின் ஆட்டங்களை எண்ணுபவர்களின் குறிப்புகளைச் சேர்த்தே பூமியின் வடிவத்தைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இதன் பொருள். பூமியை அளக்க நிலத்தில் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாளில் சங்கிலியும் இழுத்தார்கள். பூமி துருவத்தில் தட்டையா, அல்லது நீண்டிருக்கிறதா என்ற வாக்குவாதம் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் பல காலம் நடந்தது. அதைத் தீர்க்க 1735இல் ஒரு குழு பூமத்திய ரேகைக்கு அருகே அன்றைய பெருவுக்கும், 1736இல் இன்னொரு குழு ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் போனது. லாப்லாந்துக் குழுவில் கிளேரோவும் இருந்தார். தட்டை என்று தீர்ப்பானது.

கிளேரோவின் விதியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூட்டுத்தொகை மாறாது, ஆனால் அது இரண்டுக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது பூமியின் உள்ளே நிறை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்றால் இரண்டும் சமமாகும், தட்டை 231இல் ஒன்றாக இருக்கும். நியூட்டன் 1687இல் சீரான பூமி என்று கொண்டு 230இல் ஒன்று என்றார். நிறையெல்லாம் மையத்தில் ஒரு புள்ளியில் என்றால் தட்டை 577இல் ஒன்றாகச் சுருங்கி, ஜியின் வேறுபாடு பெருகும். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1690இல் வெளியிட்ட எண் 578இல் ஒன்று. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பூமியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5.5 கிராம், நம் காலடியில் இருக்கும் பாறையோ 2.7 அளவில்தான். கனமான சரக்கு மையத்துக்கு அருகே இறங்கியிருக்கிறது என்பதை ஊசலே சொல்லியிருக்கிறது.

ஒரே வரியில் விடை

காரணம் புரிந்த பிறகு சூத்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1980 என்ற ஆண்டுப் பெயரோடு வழங்கும் பன்னாட்டுச் சூத்திரம் இது:

ஜி = 9.780327 × (1 + 0.0053024 × சைன்² அ − 0.0000058 × சைன்² 2அ)

அ என்பது உங்கள் அட்சரேகை. வடக்கா தெற்கா என்பது பொருட்டல்ல. கடைசி உறுப்பில் முதலில் அட்சரேகையை இரட்டித்து, அப்புறம் சைன் எடுத்து, அதன் பிறகு இருமடி போட வேண்டும். சைனை இரட்டிப்பது தவறு.

நீங்கள் போட்டது சரியா என்று பார்க்க என் தாளில் உள்ள மதிப்புகள்:

0 டிகிரி: 9.7803
10 டிகிரி: 9.7819
15 டிகிரி: 9.7838
30 டிகிரி: 9.7932
45 டிகிரி: 9.8062
60 டிகிரி: 9.8192
90 டிகிரி: 9.8322

சரிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகே பத்து டிகிரி நகர்ந்தாலும் 0.0016தான் மாறுகிறது. 45 டிகிரிக்கு அருகே ஒரே டிகிரிக்கு 0.0009 மாறும். துருவத்தை நெருங்கினால் மறுபடியும் தட்டையாகிவிடும். எங்கும் அச்சாகும் 9.80665 என்ற திட்ட மதிப்பு 1901இல் அளவைகளுக்கான பொது மாநாட்டில் முடிவானது. அது 45 டிகிரி கடல் மட்டத்துக்கு அருகிலான எண். அதை எல்லா இடத்துக்கும் பொதுவான இயற்கை மதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயரத்தையும் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் 0.000003086 கழியுங்கள், ஆயிரம் மீட்டருக்கு 0.0031. தனித்து நிற்கும் குன்றின் மேல் என்றால் அடியில் உள்ள பாறையும் இழுப்பதால் இதில் மூன்றில் ஒரு பங்கு வரை திரும்பக் கிடைக்கும். அகன்ற பீடபூமியில் ஆழத்தில் இலேசான பாறை வேர்விட்டிருப்பதால் 0.0031ஐ அப்படியே கழித்தாலே பெரும்பாலும் பொருந்தும். நிலத்தடிப் பாறையின் வேறுபாடுகளும் நிலா, சூரியனின் இழுப்பும் இதற்கு மேலும் இருக்கின்றன. எடைக்கருவி வேலைக்கு அவை பெரும்பாலும் தேவைப்படாது.

ஊசலில் பார்ப்பது

முதன்முதலில் இதைக் கண்டுபிடித்ததே ஊசல்தான். பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல் செவ்வாய்க் கோளைக் கவனிக்க, தென் அமெரிக்கக் கரையில் 5 டிகிரி வடக்கில் உள்ள கயேன் தீவுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே தினம் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. விநாடி ஊசலை (ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசல்) அவர் ஒன்றேகால் லீன் சுருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலப் பிரெஞ்சு அளவு, இன்றைய கணக்கில் 2.8 மி.மீ. நம் சூத்திரத்தைப் பாரிசுக்கும் கயேனுக்கும் போட்டு, 994 மி.மீ. நீள ஊசலுக்குக் கணக்கிட்டால் 2.9 மி.மீ. வருகிறது. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒருவர் கையால் சரிசெய்த ஊசலுக்கும் நம் கணக்குக்கும் இடையே இருப்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

கைபேசியில் உள்ள முடுக்கமானியை இதற்கு நம்ப வேண்டாம். அதன் சுழியப் பிழையே பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. நூலும் குண்டும் அதைவிட நல்ல கருவி.

சிறிய, கனமான எஃகுக் குண்டு எடுங்கள். நைலான் நூல் வேண்டாம், நீளும். முறுக்கிய பருத்தி நூலோ மெல்லிய எஃகுக் கம்பியோ நல்லது. மேல் முனையை ஆணியில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். முடிச்சு உருண்டு, நீளம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இரண்டு தட்டையான உலோகத் துண்டுகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். பிடி எதில் பொருத்தியிருக்கிறதோ அது அசையவே கூடாது. ஆடும் தாங்கியில் மாட்டிய ஊசல் மெதுவாகவே ஆடும், ஜி குறைவாக வரும்.

எல்லோரையும் சிக்கவைப்பது நீளம். பிடியிலிருந்து குண்டின் மையம் வரை என்று புத்தகம் சொல்லும். குண்டின் மையத்தை அளவுகோலால் தொட முடியாது, நூலின் கண்ணி எங்கே முடிகிறது என்பதும் தெளிவில்லை. அதனால் மையத்தை அளக்கவே வேண்டாம். நூலில் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் போடுங்கள், குண்டு தொங்கும்போதே, நூல் விறைப்பாக இருக்கும் நிலையில். முதலில் மேல் அடையாளத்தில் பிடித்து அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) எடுங்கள், அப்புறம் கீழ் அடையாளத்தில் பிடித்து எடுங்கள். இரண்டு அலைவு நேரங்களையும் தனித்தனியே இருமடியாக்கிக் கழியுங்கள். 39.478ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்தால் ஜி. (39.478 என்பது பையின் இருமடியை நான்கால் பெருக்கியது.) குண்டின் மையம் எங்கே என்ற சந்தேகம் இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது.

ஓர் உதாரணம். ஒன்றரை மீட்டர் அளவிலான நீண்ட ஊசலின் 100 அலைவுக்கு 245.94 விநாடி, அரை மீட்டர் அளவிலான குட்டை ஊசலின் 100 அலைவுக்கு 142.00 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அலைவு நேரம் 2.4594, 1.4200. இருமடிகள் 6.0486, 2.0164. வித்தியாசம் 4.0322. ஜி 9.791.

ஸ்டாப்வாட்சை ஊசல் ஓரத்துக்குப் போய்த் திரும்பும்போது அழுத்தாதீர்கள், அங்கே அது கிட்டத்தட்ட நிற்கிறது. நடுவில், மிக வேகமாகக் கடக்கும் கணத்தில் அழுத்துங்கள். பின்னால் ஒரு செங்குத்துக் கோடு வரைந்த தாள் இருந்தால் கண்ணுக்குச் சுலபம். எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஒன்றிலிருந்து தொடங்கினால் 99 அலைவைத்தான் எண்ணியிருப்பீர்கள். அப்போது ஜி இரண்டு சதவீதம் தவறும்.

வீச்சு சிறிதாக இருக்கட்டும். பத்து டிகிரி சாய்த்து விட்டால் அலைவு நேரம் நீண்டு, ஜி 0.037 குறைவாக வரும். பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் உள்ள வித்தியாசமே 0.052தான் என்று நினைவில் வையுங்கள். ஒன்றரை மீட்டர் ஊசலை ஏழு செ.மீ., அரை மீட்டர் ஊசலை இரண்டரை செ.மீ. மட்டும் இழுத்து விட்டால் இந்தப் பிழை 0.003 அளவில் அடங்கும். கையால் விடும்போது பக்கவாட்டில் தள்ளு விழுந்து குண்டு நீள்வட்டத்தில் சுற்றும். குண்டை ஒரு நூலால் பின்னால் கட்டி, ஆட்டமெல்லாம் அடங்கிய பிறகு அந்த நூலை எரித்து விடுவது பழைய முறை, நல்ல முறை.

இவ்வளவு செய்தாலும், நீண்ட ஊசலின் நேரத்தில் பத்தில் ஒரு விநாடி பிசகினால் ஜியில் 0.012 பிசகும். 45 டிகிரி பக்கத்தில் அது 13 டிகிரி அட்சரேகைக்குச் சமம். எனவே ஊசலை வைத்து அட்சரேகையைச் சொல்லப் பார்க்காதீர்கள். ஒரே ஊசலை, ஒரே பிடியோடு, வெகு தூரத்தில் உள்ள இரண்டு அட்சரேகைகளில் ஆட்டிப் பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இன்றைய ஆய்வகங்களில் வெற்றிடக் குழாய்க்குள் ஒரு கண்ணாடியை விழவிட்டு, லேசரால் அதன் வீழ்ச்சியை அளக்கிறார்கள். அது நூறு கோடியில் சில பங்கு வரை சொல்லும்.

எடைக்கருவி வைத்திருப்பவர்களுக்கு

இடம் மாறினால் கருவியை அந்த இடத்திலேயே சான்றளித்த எடைக்கல்லை வைத்துக் காலிபரேட் செய்வதுதான் சரியான வழி. அப்படிச் செய்தால் ஜியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், எடைக்கல்லே அதைக் கணக்கில் கொண்டுவந்துவிடும். எடைக்கல் கிடைக்காத இடம் என்றால் இண்டிகேட்டரின் (எடையைக் காட்டும் திரைப் பகுதியின்) அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பலவற்றில் காலிபரேஷன் செய்த இடத்தின் ஜியையும் பயன்படுத்தும் இடத்தின் ஜியையும் போட வசதி இருக்கும். சிலவற்றில் அட்சரேகைக்கும் உயரத்துக்கும் ஏற்ப ஒரு குறியெண் கேட்கும். மேலே கணக்கிட்ட எண் அங்கேதான் பயன்படுகிறது. அந்த வசதியும் இல்லையென்றால், காட்டும் எடையைப் பழைய இடத்து ஜியால் பெருக்கிப் புதிய இடத்து ஜியால் வகுங்கள்: 19.941 × 9.8107 / 9.7819 = 20.000.

கருவியின் பகுப்பை, அதாவது திரையில் அது காட்டும் மிகச் சிறிய படியை, பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். 20 கிலோவுக்கு 5 கிராம் பகுப்புள்ள கருவி 50 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்தால் பன்னிரண்டு பகுப்பு தவறும், அதை விடவே முடியாது. அதே கருவி 10 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குப் போனால் ஒன்றரை கிராம்கூட மாறாது; திரையில் ஒன்றும் தெரியாது.

ஆய்வகங்களில் இருக்கும் நுண்ணிய பகுப்பாய்வுத் தராசு வைத்திருப்பவர்கள் மட்டும் அட்சரேகை மாறாவிட்டாலும் கவனிக்க வேண்டும். 200 கிராமை 0.1 மில்லிகிராம் நுணுக்கத்தில் காட்டும் தராசை ஒரு மாடி மேலே, நாலு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 0.25 மில்லிகிராம் குறைவாகக் காட்டும். கடைசி இலக்கத்தில் அது கண்ணால் பார்க்கும்படி தெரியும். மாடி மாற்றினாலும் காலிபரேஷன் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.